அச்சுத் தொழிலாளியின் உயிருக்கு யார் பொறுப்பு?

பள்ளிக்கூடப் பாடநூல், செய்திப் பத்திரிகை, கல்யாண அழைப்பிதழ், தேர்தல் சுவரொட்டி, தினசரிக் காலண்டர், மருந்துப் பெட்டி, பிஸ்கட் பொட்டலம் என்று அச்சுத் தொழிலாளியின் உழைப்பு நுழையாத வீடு நாட்டில் ஒன்றுகூட இல்லை. அறிவைப் பரப்பும் தொழில், நாகரிகத்தின் தாய்த்தொழில் என்று மேடைதோறும் இதைப் புகழ்கிறார்கள். புகழட்டும், தவறில்லை. ஆனால் இந்தத் தொழிலைச் செய்கிறவர்கள் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறார்கள், எந்தத் திரவத்தில் கையை நனைக்கிறார்கள், நாற்பது வயதில் அவர்களுடைய ஈரலும் நரம்பும் தோலும் என்ன நிலையில் இருக்கின்றன என்று கேட்பவர்கள் எத்தனை பேர்?

தொழிற்சாலை ஆபத்து என்றால் நம் கண்முன் வருவது பட்டாசு ஆலையின் தீ, கொதிகலன் வெடிப்பு, இயந்திரத்தில் சிக்கிய கை. இவற்றுக்குச் சத்தம் உண்டு. மறுநாள் பத்திரிகையில் செய்தி உண்டு. மந்திரியின் அனுதாபம் உண்டு. ரசாயன ஆவியால் வரும் சாவுக்குச் சத்தம் இல்லை. அது பத்து, பதினைந்து வருஷம் கழித்து வருகிறது. வேலையை விட்டு ஊருக்குப் போன பிறகு வருகிறது. "விதி" என்றும் "குடியால் வந்த வினை" என்றும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கொன்றது எது என்று கேட்பதற்கு ஆள் இல்லாமலே கணக்கு மூடப்படுகிறது.

இப்படி மூடப்பட்டிருக்க வேண்டிய ஒரு கணக்கு ஜப்பானில் திறக்கப்பட்டது. அதன் விவரங்களை நம் நாட்டு அச்சுத் தொழிலாளர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது அவசியம்.

ஒசாகாவில் நடந்தது என்ன?

ஒசாகா நகரில் ஆப்செட் முறையில் மாதிரிப் பிரதி, அதாவது புரூஃப், அடித்துக் கொடுக்கும் ஓர் அச்சகம். பெரிய அச்சு வேலை மெஷினில் ஏறுவதற்கு முன்னால் வர்ணம் சரியாக விழுகிறதா என்று வாடிக்கையாளருக்குக் காட்டச் சில தாள்கள் மட்டும் அடிப்பதுதான் புரூஃப் வேலை. தாள்கள் சில, ஆனால் வர்ணங்கள் பல. ஒவ்வொரு வர்ணம் முடிந்ததும் ரப்பர் பிளாங்கெட்டில் ஒட்டியிருக்கும் மையைத் துடைத்தாக வேண்டும். ஆகவே சாதாரண அச்சகத்தில் ஒரு வேலைக்கு ஒன்றிரண்டு தடவை செய்கிற சுத்தத்தை அங்கே ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை செய்தார்கள். துணியில் திரவத்தை ஊற்று, துடை, அடுத்த வர்ணம். மறுபடி ஊற்று, துடை. காலை முதல் இரவு வரை இதுவே வேலை.

அந்தத் திரவத்தில் இருந்த முக்கியமான ரசாயனங்கள் இரண்டு. ஒன்று டைகுளோரோமீத்தேன். மற்றொன்று 1,2-டைகுளோரோபுரோப்பேன். 1990களின் முற்பாதியில் இரண்டும் சேர்ந்து பயன்பட்டன. பிறகு முதலாவது நின்றுபோய் இரண்டாவது 2006 வரை தொடர்ந்தது. காற்றோட்டம் போதாத அறை. குளிர்சாதனம் உண்டு, ஆனால் அது ஆவி கலந்த அதே காற்றைக் குளிர்வித்து அதே அறைக்குள் திருப்பி அனுப்பியது. ஆவியைத் தடுக்கும் முகமூடி தொழிலாளருக்குத் தரப்படவில்லை.

இளம் தொழிலாளர்கள் ஒவ்வொருவராக நோயில் விழுந்தார்கள். வந்த நோய் பித்தநாளப் புற்றுநோய். ஈரலிலிருந்து பித்தநீரைக் கொண்டுபோகும் குழாயில் உண்டாகும் இந்தப் புற்று வயோதிகர்களுக்கு, அதுவும் அபூர்வமாக வருவது. ஒசாகாவிலோ நோய் கண்டுபிடிக்கப்பட்டபோது தொழிலாளர்களின் வயது 25 முதல் 45 வரை! ஒரே அச்சகம், ஒரே பிரிவு, ஒரே நோய்.

இதைக் கண்டு சொன்னது நிர்வாகமா? இல்லை. சர்க்கார் இன்ஸ்பெக்டரா? அவரும் இல்லை. செத்தவர்களோடு பழகியவர்களும் குடும்பத்தாரும் சந்தேகப்பட்டு, தொழிலாளர் சுகாதாரத்துக்காக வேலை செய்யும் ஓர் அமைப்பின் கதவைத் தட்டினார்கள். அதன் மூலம் விஷயம் தொழில் சுகாதார விஞ்ஞானி ஷின்ஜி குமகாயியின் கைக்குப் போயிற்று. அவர் பழைய ஊழியர்களைத் தேடிப்பிடித்துக் கணக்கெடுத்தார். 2012ல் ஜப்பான் முழுவதும் விஷயம் அம்பலமாயிற்று. 2013ல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரையின் கணக்கு இது: அந்தப் பிரிவில் ஒரு வருஷத்துக்குக் குறையாமல் வேலை பார்த்தவர்கள் 62 பேர்; அவர்களில் 11 பேருக்குப் பித்தநாளப் புற்றுநோய்; 6 பேர் அதற்குள் இறந்துவிட்டார்கள். அதே வயதுள்ள பொதுஜனங்களிடையே எதிர்பார்க்கக்கூடிய சாவு விகிதத்தைப் போல இது சுமார் 2,900 மடங்கு. இரண்டு மடங்கு என்றாலே ஆபத்து மணி அடிக்க வேண்டிய இடத்தில் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் மடங்கு! அதற்குப் பிறகு தொழில்நோய் என்று சர்க்காரால் அங்கீகரிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை இன்னும் ஏறியது.

2014ல் உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1,2-டைகுளோரோபுரோப்பேனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் முதல் வகுப்பில் சேர்த்தது. டைகுளோரோமீத்தேனை, பெரும்பாலும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற அடுத்த வகுப்பில் வைத்தது. விஞ்ஞானத்துக்கு இந்த உண்மையைச் சொல்லிக்கொடுத்தவை பரிசோதனைச்சாலை எலிகள் மட்டுமல்ல. ஒசாகாவின் அச்சுத் தொழிலாளர்கள் தங்கள் ஈரலைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.

பட்டியலில் இல்லாத விஷம்

இந்தச் சம்பவத்தில் மிகவும் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. டைகுளோரோமீத்தேன் ஜப்பானியச் சட்டத்தின் கரைப்பான் பட்டியலில் இருந்தது. அதைப் பயன்படுத்தினால் காற்றை அளக்க வேண்டும், உறிஞ்சு விசிறி வைக்க வேண்டும், தொழிலாளருக்கு விசேஷ மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும். 1,2-டைகுளோரோபுரோப்பேன் அந்தப் பட்டியலில் இல்லை. இல்லாததால் இந்தக் கடமைகளும் இல்லை. பட்டியலில் உள்ளதை விட்டுப் பட்டியலில் இல்லாததை வாங்குகிறவனுக்குச் செலவு குறைவு. சட்டப்படி அது குற்றமும் அல்ல!

சாவுகள் அம்பலமான பிறகு, 2013 அக்டோபரில்தான் அது கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. காற்றில் அது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்று ஜப்பானியத் தொழில் சுகாதாரச் சங்கம் அதே வருஷம் சிபாரிசு செய்தது. அதுவரை அந்த அறையில் வேலை செய்தவர்களுக்கு எல்லைக்கோடு என்று ஒன்று போட யாரும் இருக்கவில்லை.

பட்டியலில் இல்லை என்றால் ஆபத்து இல்லை என்று பொருளா? ஒருபோதும் இல்லை. யாரும் இன்னும் செத்தவர்களை எண்ணிப் பார்க்கவில்லை என்றே அநேக சமயங்களில் அதற்குப் பொருள்.

பழைய கதையின் புதிய அத்தியாயம்

அச்சுத் தொழிலாளியின் உடம்பில் விஷம் ஏறுவது ஆப்செட் வந்த பிறகு ஆரம்பமான கதை அல்ல. ஈய எழுத்துக் கோத்த காலத்துக் கம்பாசிட்டர்களைக் கேளுங்கள். அச்செழுத்து என்பது ஈயமும் ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்த உலோகம். கேஸில் தூசியாகப் படிந்த ஈயம் விரலில் ஒட்டும். அந்த விரலோடு டீ, அந்த விரலோடு பீடி, அந்த விரலோடு மத்தியானச் சோறு. வயிற்றைப் பிசையும் வலி, மலச்சிக்கல், ரத்தசோகை, ஈறில் நீலக்கோடு, முற்றினால் மணிக்கட்டு தூக்க முடியாமல் தொங்கிப்போவது ஆகிய யாவும் ஈய விஷத்தின் அடையாளங்கள். அமெரிக்காவில் அச்சுத் தொழிலாளர் சங்கம் 1892ல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில், நோயுற்ற தன் அங்கத்தினர்களுக்கென்றே ஓர் இல்லம் கட்டியது. காசநோயும் ஈய விஷமும் அத்தனை பேரைத் தின்றுகொண்டிருந்தன. அதைக் கட்ட எழுத்துக் கோத்த கைகளும் சந்தா சேர்த்தன. தொழில்நோய் மருத்துவத்தின் முன்னோடியான அம்மையார் டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன் அச்சுத் தொழிலின் சுகாதாரத்தை ஆராய்ந்து 1917ல் அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர இலாகாவின் அறிக்கையாக வெளியிட்டார்.

ஈயம் போயிற்று, கரைப்பான்கள் வந்தன. நியூயார்க்கில் படப் பத்திரிகைகளை அச்சடிக்கும் கிராவ்யூர் அச்சகங்களில் மையைக் கரைக்கப் பென்சீன் பயன்பட்டது. 1939ல் வெளியான ஆராய்ச்சியில், பரிசோதிக்கப்பட்ட 332 தொழிலாளரில் 130 பேருக்கு ஏதோ ஓர் அளவில் பென்சீன் விஷம் ஏறியிருந்தது. பென்சீன் எலும்பு மஜ்ஜையைத் தாக்கும். ரத்தம் ஊறாமல் செய்யும். ரத்தப் புற்றுநோயைக் கொண்டுவரும். அதன் இடத்துக்கு டொலுவீன் வந்தது. அது மஜ்ஜையைத் தாக்காவிட்டாலும் மூளையையும் நரம்பையும் மந்தப்படுத்துவது. மெஷினருகே நிற்பவருக்கு மத்தியானத்துக்குள் தலை கிறுகிறுக்கும், சாயங்காலம் போதை ஏறியதுபோல் இருக்கும், நாள்போக்கில் ஞாபகமும் காதும் மங்கும். 1980களில் தைவானின் தைபே நகரத்துப் புரூஃப் அச்சகங்களில் ஹெக்சேன் கலந்த திரவத்தால் துடைத்தவர்களுக்குக் கைகால் நரம்புகள் கெட்டு, விரல் மரத்து, கால் வலுவிழந்தது. ஒசாகாவில் இதே புரூஃப் வேலை ஈரலைத் தின்றது.

ஈயம், பென்சீன், டொலுவீன், ஹெக்சேன், டைகுளோரோபுரோப்பேன். பெயர்கள் மாறுகின்றன. மாறாத ஒன்று எது? சீக்கிரம் உலரும் திரவமே வேண்டும் என்ற அவசரம்! துடைத்த மறுகணம் காய்ந்துவிட்டால் மெஷின் உடனே ஓடும். மெதுவாகக் காயும் எண்ணெயால் துடைத்தால் சில நிமிஷம் காத்திருக்க வேண்டும். ஆனால் சீக்கிரம் உலர்கிற திரவம் எங்கே போகிறது? மாயமாக மறைந்துவிடுவதில்லை. காற்றில் கலந்து, குனிந்து துடைக்கிறவரின் மூக்கு வழியாக ரத்தத்தில் கலக்கிறது. மிச்சமாகிற நிமிஷம் லாபக் கணக்கில் ஏறுகிறது; ஆவியோ தொழிலாளியின் உடம்பில் ஏறுகிறது. இந்தப் பிரச்னையின் பொருளாதாரம் முழுவதும் இந்த இரண்டு வரவுகளில் அடங்கியிருக்கிறது.

நம் நாட்டு நிலை

சிவகாசியின் ஆப்செட் அச்சகங்களையும், சென்னை திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைச் சந்துகளில் உள்ள சிறு அச்சகங்களையும், கோயமுத்தூர், மதுரை, திருச்சியின் பட்டறைகளையும் பார்த்தவர்களுக்கு ஒசாகா அறையின் வர்ணனை அந்நியமாகத் தோன்றாது. ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியாகிறது; அன்று தொடங்கும் பரபரப்பு புதுவருஷம் பிறக்கும்வரை ஓய்வதில்லை. ராத்திரி ஷிப்டு, அதன்மேல் ஓவர்டைம். தாளில் தூசி விழக்கூடாது, ஈரம் தாக்கக்கூடாது என்று கதவும் ஜன்னலும் அடைக்கப்படுகின்றன. தாளுக்கு இருக்கும் பாதுகாப்பு மனிதனுக்கு இல்லை!

பிளாங்கெட்டும் ரோலரும் கழுவ மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர், அல்லது கேனில் "வாஷ்" என்ற ஒற்றைப் பெயரோடு வரும் திரவம். அந்தக் கேனுக்குள் என்ன இருக்கிறது என்று மெஷின்மேனுக்குத் தெரியாது. பல இடங்களில் முதலாளிக்கும் தெரியாது. பெட்ரோலைத்தான் எல்லோருக்கும் தெரியுமே என்பார்கள். இன்று நம் நாட்டில் விற்கும் பெட்ரோலில் 1 சதவிகிதம்வரை பென்சீன் இருக்கச் சட்டமே அனுமதிக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? வண்டியின் எஞ்சினில் எரிவதற்காக வடித்த திரவத்தில் ஷிப்டு முடிந்ததும் முழங்கை வரை நனைத்து மை போகக் கழுவுகிறார்கள். தோலின் எண்ணெய்ப் பசை போய், வெடித்து, சொறியாகி, அந்த வெடிப்பு வழியாகவே ரசாயனம் மறுபடி உள்ளே போகிறது.

மெஷினோடு பிரச்னை முடியவில்லை. தண்ணீர்த் தொட்டியில் சேர்க்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கண்ணையும் தொண்டையையும் எரிக்கிறது. புற ஊதா விளக்கில் உலரும் மையிலுள்ள அக்ரிலேட் வகைப் பொருள்கள் சிலருக்கு ஒருமுறை ஒவ்வாமை உண்டாக்கிவிட்டால் ஆயுள் முழுதும் அந்த மையைத் தொட முடியாதபடி செய்துவிடும். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கத் தூவும் பவுடர் மூச்சுக்குழலுக்குள் போகிறது. கருவேல வகைப் பிசினைத் தெளித்த காலத்தில் இதனால் வந்த இளைப்புக்கு "அச்சுக்காரர் ஆஸ்துமா" என்றே மருத்துவர்கள் பெயர் வைத்தார்கள். லாமினேஷன் பிரிவில் பயன்படும் சில பசைகளிலுள்ள ஐசோசயனேட்டும் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. மடிப்பு, பைண்டிங் பிரிவுகளில் பெருமளவில் பெண்கள் வேலை செய்கிறார்கள். மெஷின் அறையும் பைண்டிங் மேஜையும் ஒரே கூரையின்கீழ் இருக்கும்போது அதே ஆவி கர்ப்பிணிப் பெண்ணையும் சேர்கிறது. அவர் திரவத்தைத் தொடுவதே இல்லை. ஆகவே எந்தக் கணக்கிலும் அவர் வருவதில்லை.

இதற்கெல்லாம் பரிகாரமாக நம் தொழிலாளருக்குச் சொல்லித்தரப்பட்டிருப்பது என்ன? பால் குடி, வெல்லம் தின்னு, வாழைப்பழம் சாப்பிடு! பால் நல்ல ஆகாரம். தொழிலாளிக்கு அது தாராளமாகக் கிடைக்கட்டும். ஆனால் மூச்சு வழியாக ரத்தத்தில் ஏறிய கரைப்பானைப் பால் முறிக்காது, வெல்லம் இழுக்காது. முகத்தில் கட்டும் கைக்குட்டையும் துணி முகமூடியும் தூசியைக் கொஞ்சம் தடுக்கும். ஆவியை அறவே தடுக்காது. அதற்குக் கரி அடைத்த விசேஷ முகமூடி வேண்டும், அதையும் காலாகாலத்தில் மாற்ற வேண்டும். மெல்லிய ரப்பர் கையுறையை இத்தகைய குளோரின் கரைப்பான்கள் சில நிமிஷங்களில் ஊடுருவிவிடும். இவை வெறும் மனச்சமாதானங்கள், பாதுகாப்பு அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒசாகா அச்சகத்தின்மீது கடைசியில் வழக்கு வந்தது. குற்றச்சாட்டு என்ன? தொழில் மருத்துவரை நியமிக்கவில்லை, சுகாதார மேற்பார்வையாளரை வைக்கவில்லை, தொழிலாளரும் நிர்வாகமும் சேர்ந்த சுகாதாரக் கமிட்டி அமைக்கவில்லை. 2014ல் அபராதத்தோடு விஷயம் முடிந்தது. இத்தனை உயிர்களுக்கு அபராதமா என்று கோபம் வருவது நியாயம். ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். 50 பேர் வேலை செய்யும் இடத்திலேயே இவற்றை வைத்தாக வேண்டும் என்று ஜப்பானில் சட்டம் இருக்கிறது. ஆகவே வைக்காதவனைக் கூண்டில் ஏற்ற முடிந்தது.

நம் நாட்டில்? 2020ல் பார்லிமெண்டில் நிறைவேற்றி, 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்ட தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, பாதுகாப்புக் கமிட்டி கட்டாயமாவது 500 தொழிலாளர் உள்ள தொழிற்சாலையில். அபாயகரமான தொழில் என்று வகுக்கப்பட்டிருந்தால் 250 பேர். தமிழ்நாட்டில் 500 பேர் வேலை பார்க்கும் அச்சகங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். 1948ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் மின்சாரத்தோடு 10 பேர் வேலை செய்தால் தொழிற்சாலை என்று இருந்தது. புதிய தொகுப்பில் அது 20 பேர். மின்சாரம் இல்லாவிட்டால் 20 பேர் என்பது 40 பேர். பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் ஆள் வைத்திருக்கும் அச்சகங்கள்தான் நம் ஊரில் ஏராளம். ஒரு கையெழுத்தில் அவை தொழிற்சாலை என்ற பெயரையே இழந்துவிட்டன. ஆவி மட்டும் அந்த அறைகளை விட்டுப் போகவில்லை.

40 வயதைத் தாண்டியவர்களுக்கு வருஷம் ஒருமுறை இலவச மருத்துவப் பரிசோதனை என்று மத்திய அரசு அறிவித்திருக்கிறது. பரிசோதனை வரவேற்கத்தக்கது. ஆனால் ஒசாகாவில் நோய் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் மிக இளையவருக்கு வயது 25. விஷம் நாற்பதாவது பிறந்தநாள் வரும்வரை வாசலில் காத்துக்கொண்டிருக்குமா?

பட்டியலைப் பொறுத்தவரை நம் சட்டம் வாய்மூடி இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையிலும் ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் மூன்றாவது அட்டவணையிலும் தொழில்நோய்கள் வகுக்கப்பட்டிருந்தன. ஈய விஷம் உண்டு, பென்சீன் விஷம் உண்டு, ஒசாகா ரசாயனம் சேர்ந்த குளோரின் வகை ஹைட்ரோகார்பன்களின் விஷமும் உண்டு. எழுத்தில் உரிமை இருக்கிறது; ஆனால் கோருகிறவர் இல்லை. ஏன்? ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியின் நீண்ட கியூவில் நின்று டாக்டரிடம் போய்ச் சேரும்போது "என்ன வேலை செய்கிறாய், எதைக் கொண்டு துடைக்கிறாய்?" என்ற கேள்வி வருவதில்லை. தலைவலிக்கு மாத்திரை, சொறிக்குக் களிம்பு, சோர்வுக்கு ஊசி. காரணம் சீட்டில் ஏறுவதே இல்லை. வேலையை விட்டபின் நோய் வந்தாலோ, அது வேலையால் வந்தது என்று நிரூபிக்கும் சுமை தொழிலாளி தலையில். கேனின் பெயரே தெரியாதவர் எதைக் கொண்டு நிரூபிப்பார்?

சிறு முதலாளியின் வாதம்

"நாங்கள் என்ன கோடீஸ்வரர்களா? ஒரு மெஷின், ஆறு ஆள். கூலிக்கு அச்சடிக்கிறோம். பெரிய கம்பெனிகள் விலையைக் கழுத்தில் கத்தி வைத்துக் குறைக்கின்றன. விசிறிக்கும் விலை உயர்ந்த திரவத்துக்கும் எங்கே போவோம்?" என்று சிறு அச்சகக்காரர் கேட்கிறார்.

இந்த வாதத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. அவரில் பலர் நேற்றைய மெஷின்மேன். இன்றும் தாமே பிளாங்கெட் துடைக்கிறார். அதே ஆவியைச் சுவாசிக்கிறார். ஆனால் அவர் கணக்கைச் சரியாகப் போடட்டும். திரவத்தைத் திறந்த டப்பாவில் வைக்காமல் மூடியுள்ள பாத்திரத்தில் வைப்பதற்கு எத்தனை ரூபாய்? நனைந்த வேஸ்ட் துணியை மெஷினடியில் குவிக்காமல் மூடியுள்ள தகரத் தொட்டியில் போடுவதற்கு எத்தனை ரூபாய்? இந்த ஆவிகள் காற்றைவிடக் கனமானவை; தரையோரம் தங்குபவை. கூரையில் சுழலும் விசிறி அவற்றைக் கிளறிவிடுமே தவிர வெளியேற்றாது. சுவரின் கீழ்ப்பகுதியில், மெஷினுக்குப் பக்கத்தில் வெளித்தள்ளும் விசிறி வைத்து, எதிர்ப்புறம் நல்ல காற்று நுழைய வழி வைப்பது ஒரு கொத்தனாரும் ஒரு எலெக்ட்ரீஷியனும் செய்துமுடிக்கும் வேலை. ஆவியாகிப் பறப்பதும் அவர் காசு கொடுத்து வாங்கிய திரவம்தான்.

மாற்று இல்லையா? இருக்கிறது. தாவர எண்ணெயிலிருந்து செய்த கழுவுதிரவங்கள் ஆப்செட் மையை நன்றாக அகற்றும்; ஏறக்குறைய ஆவியாவதே இல்லை. டென்மார்க்கில் துவங்கிய இந்த முறை ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பரவியது. துடைக்கக் கொஞ்சம் அதிக நேரம் ஆகும். பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும். அந்தச் சில நிமிஷத்தின் விலையை யார் ஏற்பது? அச்சுவேலை கொடுக்கிற பெரிய கம்பெனிகளும் சர்க்கார் இலாகாக்களும் ஏற்க வேண்டும். பாடநூல், வாக்காளர் பட்டியல், விண்ணப்பப் பாரம் என்று அச்சுவேலை கொடுக்கும் சர்க்கார், மிகக் குறைந்த டெண்டர் எது என்று மட்டும் பார்க்காமல், அந்த அச்சகத்தில் காற்று எப்படி இருக்கிறது என்றும் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

நம் கோரிக்கைகள்

ஆகவே நாம் கோருவது இவை:

1. அச்சகத்துக்குள் வரும் ஒவ்வொரு கேனிலும் உள்ளிருக்கும் ரசாயனத்தின் பெயர், ஆபத்து, முதலுதவி ஆகியவை தமிழில் ஒட்டப்பட வேண்டும். பெயரில்லாத திரவத்தை விற்பதும் வாங்குவதும் குற்றமாக்கப்பட வேண்டும்.

2. பட்டியலில் உள்ள விஷத்துக்குப் பதில் பட்டியலில் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்தால், அது தீங்கற்றது என்று காட்டும் பொறுப்பு விற்பவனுடையது. தீங்கு என்று உடம்பைக் கொடுத்து நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளியுடையது அல்ல.

3. ஆள் எண்ணிக்கை எதுவாயினும் கரைப்பான் பயன்படும் எல்லா அச்சகங்களுக்கும் வெளித்தள்ளும் விசிறியும் சுகாதார விதிகளும் கட்டாயமாக வேண்டும். குளிர்சாதனத்தைக் காற்றோட்டம் என்று இன்ஸ்பெக்டர்கள் ஒப்புக்கொள்ளக்கூடாது.

4. வயது பார்க்காமல், வேலையில் சேரும்போதும் வருஷந்தோறும், ரத்தம், ஈரல், நரம்பு, தோல் பரிசோதனை நடத்தி, அறிக்கையின் பிரதியைத் தொழிலாளி கையில் கொடுக்க வேண்டும். யார் எந்தத் திரவத்தோடு எத்தனை வருஷம் வேலை செய்தார் என்ற பதிவேட்டை 30 வருஷம் பாதுகாக்க வேண்டும்.

5. ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகளில் தொழில்நோய்ப் பிரிவு திறக்கப்பட வேண்டும். ஒவ்வொரு சீட்டிலும் நோயாளியின் தொழில் எழுதப்பட வேண்டும்.

6. வேலையை விட்டபின் எத்தனை வருஷம் கழித்து நோய் வந்தாலும் காலக்கெடு காட்டி நஷ்டஈட்டை மறுக்கக்கூடாது. ஒசாகாவில் காலம் கடந்தவை என்று தள்ளியிருக்கக்கூடிய சாவுகளுக்கும் போராட்டத்தின் விளைவாக நஷ்டஈடு கிடைத்தது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

இந்தக் கோரிக்கைகள் மற்றவர்களுக்கு மட்டும் அல்ல. நம் பத்திரிகைகளும் துண்டுப் பிரசுரங்களும் சுவரொட்டிகளும் ஏதோ ஒரு மெஷினில், யாரோ ஒரு தொழிலாளியின் கையால் அச்சாகின்றன. முற்போக்கு இலக்கியத்தை அச்சடித்தாலும் பென்சீன் பென்சீன்தான். நாம் வேலை கொடுக்கும் அச்சகங்களில் இந்த நிபந்தனைகளை முதலில் கேட்க வேண்டியவர்கள் நாமே.

இன்றே செய்யக்கூடியவை

சட்டம் வரும்வரை தொழிலாளர்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. உங்கள் அச்சகத்தில் எந்தத் திரவம், எந்தக் கம்பெனி, எந்த வருஷம் முதல் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சங்கம் உள்ள இடத்தில் சங்கம் எழுதி வைக்கட்டும். இல்லாத இடத்தில் ஒரே ஒரு தோழராவது எழுதி வைக்கட்டும். பத்து வருஷம் கழித்து ஒரு விதவைக்குச் சாட்சி சொல்லப்போவது அந்த நோட்டுதான். டாக்டரிடம் போகும்போது அவர் கேட்காவிட்டாலும் "நான் அச்சுத் தொழிலாளி, இந்தத் திரவத்தில் வேலை செய்கிறேன்" என்று சொல்லுங்கள். ஒரே அறையில் வேலை பார்த்த இருவருக்கு ஒரே நோய் என்றால் அதைத் தற்செயல் என்று விட்டுவிடாதீர்கள். பெட்ரோலில் கை கழுவுவதை நிறுத்துங்கள். எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போடுங்கள். மெஷின் அறையில் சோற்றுப் பாத்திரத்தைத் திறக்காதீர்கள். மை வாசனை பழகிவிட்டது என்று பெருமை பேசாதீர்கள். மூக்கு பழகுமே தவிர ஈரல் பழகாது.

ஒசாகாவில் உண்மையை வெளிக்கொண்டுவந்தது பெரிய யந்திரம் அல்ல. செத்தவனை மறக்க மறுத்த சில நண்பர்களும், அவர்கள் தட்டியபோது திறந்த ஒரு கதவும், எண்ணத் தெரிந்த ஒரு விஞ்ஞானியும்தான். நம் ஊர் அச்சகங்களில் இந்த எண்ணிக்கை இன்னும் தொடங்கவே இல்லை. அச்சுத் தொழிலாளர் சங்கங்கள் ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, டாக்டர்களை அழைத்து, அந்தக் கணக்கை இந்தக் காலண்டர் பருவத்திலேயே தொடங்க வேண்டும். சர்க்கார் அதற்கு உதவ வேண்டும். உதவாவிட்டால் உதவும்படி செய்ய வேண்டும்.